ஒன்றரை அங்குலம்

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக ஒரே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது: காரின் பின் சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை. அப்பா, அம்மாவின் தையல்பெட்டியில் கிடந்த துணிநாடாவால் அதை அங்குலத்தில் அளந்தார். நான் அளக்கவில்லை, குனிந்து பார்த்துப் பெருமூச்சு விட்டதோடு சரி. மகன் கைபேசி வெளிச்சத்தில் இரும்பு நாடா பிடித்து மில்லிமீற்றரில் அளந்து கொப்பியில் எழுதி வைக்கிறான். அப்பா வாழ்நாள் முழுக்கப் பின்பக்கத்தை ஒன்றரை அங்குலம் தூக்கப் பாடுபட்டார். பேரன் அதே ஒன்றரை அங்குலத்தை இறக்க ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டினான். முன்பக்கம் இறங்கியது. பின்பக்கம் மாட்டேன் என்றது.

அப்பாவின் கார் மொரிஸ் மைனர் 1000. மொரிஸ் மைனர் முதன்முதல் 1948இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் வெளியே வந்தது. வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ், பின்னாளில் மினியைச் செய்த அதே மனிதர். முன்பக்கத்துக்கு முறுக்குத் தண்டு அது இது என்று மூளையைச் செலவழித்தவர், பின்பக்கத்துக்கு வரும்போது களைத்துவிட்டார் போலிருக்கிறது. குதிரைவண்டிக் காலத்துப் பட்டை ஸ்பிரிங்கையே பக்கத்துக்கு ஒன்றாக வைத்துவிட்டுப் போய்விட்டார். பின்சீட்டில் இரண்டு பேர் இருப்பார்கள், மிஞ்சினால் ஒரு நாய்க்குட்டி என்று நினைத்திருப்பார். எங்கள் பின்சீட்டில் அம்மா, அப்பாச்சி, பெரியம்மா, அக்கா, நான். டிக்கியில் ஊர்.

வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 250 மைல். போகும்போது கார் ஓரளவு நேராகத்தான் போகும். வரும்போதுதான் கன்று ஈன நிற்கும் பசுவைப்போலப் பின்பக்கம் பதிந்துவிடும். புழுக்கொடியல், செத்தல் மிளகாய், நல்லெண்ணெய்ப் போத்தல், மாம்பழக் காலமானால் கறுத்தக் கொழும்பான். எழுபதுகளின் நடுவில் இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்தது: அரிசி.

அது உணவுத் தட்டுப்பாட்டுக் காலம். அளவுக்கு மேல் அரிசி கொண்டுபோகக் கூடாது என்று வீதியில் தடை போட்டிருந்தார்கள். சிங்களத்தில் ‘ஹால் பொல்ல’ என்பார்கள், அரிசிக்கென்றே குறுக்கே போட்ட தடி. அங்கே நின்ற பொலிஸ்காரர் முதலில் டிக்கியைத் திறக்கச் சொல்வதில்லை. நாலடி பின்னால் போய் நின்று பம்பரைப் பார்ப்பார். பம்பர் பதிந்திருந்தால்தான் திறப்பைக் கேட்பார். காரின் பின்பக்கம் வாக்குமூலம் கொடுக்கும் என்பதை நான் பத்து வயதில் அறிந்துகொண்டேன்.

அப்பா அரசாங்கத் திணைக்களமொன்றில் எழுதுவினைஞர். அலுவலகப் பென்சிலை வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர். அந்த மனிதர்தான் அரை மூடை கிளிநொச்சி அரிசிக்காக, பின் ஸ்பிரிங்கில் பட்டை கூட்டுவதென்று முடிவெடுத்து என்னையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு கிருலப்பனைக்குப் போனார்.

ஹைலெவல் வீதியிலிருந்து கால்வாய்ப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் அந்தக் கராஜ் இருந்தது. தகரக் கூரை, ஒரு பலாமரம், அதன் கீழே சீமெந்தால் கட்டிய குழி. மழை பெய்து கால்வாய் நிறைந்தால் குழியும் நிறையும். பாஸ் வாளியால் இறைத்துவிட்டு வேலையைத் தொடங்குவார். பெயர் சொல்லி அவரைக் கூப்பிட்ட ஞாபகம் எனக்கில்லை. மேசனும் பாஸ், தச்சனும் பாஸ், கராஜ்காரரும் பாஸ். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல்லை நாங்கள் இன்னும் கையெடுத்துக் கும்பிடுகிறோம்.

பாஸ் செய்த வேலை இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. உடம்பை ஜக்கில் தூக்கி, ஸ்பிரிங்கைக் கழற்றி, நடு ஆணியை எடுத்துவிட்டுப் பட்டைகளைச் சீட்டுக்கட்டுப்போல நிலத்தில் பரப்பினார். பழைய லொறிப் பட்டையொன்றிலிருந்து வெட்டிய துண்டை உலையில் சிவக்கக் காய்ச்சி, வளைவு பார்த்து, எண்ணெயில் தோய்த்து, திரும்பவும் பதமாகச் சூடாக்கி ஆறவிட்டார். பட்டைகளுக்கு இடையில் கிறீஸ் தடவினார். எல்லாம் பூட்டியான பிறகு அப்பா சட்டைப்பையில் கை வைத்தார். பாஸ் தலையை ஆட்டினார்.

“இன்னும் இறுக்கேல்ல மாத்தையா. கார் இப்ப தூக்கில தொங்குது. முதல்ல நாலு காலும் நிலத்தில வைக்கட்டும்.”

ஜக்கை இறக்கினார். பிறகு எங்களைப் பார்த்து, பின்சீட்டில் ஏறி இருக்கச் சொன்னார். நானும் அக்காவும் ஏறினோம். இரண்டு பேரையும் ஒருமுறை குதித்துவிட்டு ஆடாமல் இருக்கச் சொன்னார். ஸ்பிரிங்கின் கண்களில் இருந்த றப்பர் புஷ்களின் போல்ட்களை, நாங்கள் பாரமாக உட்கார்ந்திருக்க, குழிக்குள் நின்றபடி ஒவ்வொன்றாக இறுக்கினார். காலுக்குக் கீழே ஸ்பனர் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. நான் பெரிய வேலை செய்கிறேன் என்ற நினைப்பில் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த பயணத்தில் அரை மூடை அரிசியோடு கார் கோயில் யானைபோல நிமிர்ந்து வந்தது. பொலிஸ்காரர் பம்பரைப் பார்த்தார். கையைக் காட்டினார். அப்பா அநுராதபுரம் வரைக்கும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

1983 யூலைக் கலவரத்தின்போது அந்தக் கார் கிருலப்பனையில் கிடந்தது. வலப்பக்கத்துப் பிரதான பட்டை முறிந்து, மாற்றுப் பட்டைக்காகக் காத்திருந்தது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் நின்ற கார்கள் எரிந்தன. பாஸ் மொரிஸின் மேல் தார்ப்பாயைப் போட்டு, அதன்மேல் பழைய ரயர்களைக் குவித்துவைத்திருந்தார். ஓகஸ்டில் அப்பா போனபோது ரயர்களை எடுத்துவிட்டு, “பட்டை வந்திட்டுது மாத்தையா” என்று மட்டும் சொன்னாராம். ஸ்பிரிங் நன்றாக இருந்திருந்தால் எங்களிடம் கார் இருந்திருக்காது.

என்னுடைய முறை வந்தபோது 1977இன் திறந்த பொருளாதாரம் ஜப்பான் கார்களைக் கொண்டுவந்து நிரப்பியிருந்தது. நான் வாங்கியது டொயோட்டா கொரோலா டீஎக்ஸ் வாகன். அதே மாதிரிக் காரின் செடானுக்குப் பின்னால் கொயில் ஸ்பிரிங். வாகனுக்கு மட்டும் பட்டை ஸ்பிரிங். பாரம் ஏற்றும் காருக்குப் பட்டைதான் என்று ஜப்பான்காரனும் முடிவெடுத்திருந்தான். எனக்கும் பாரம்தான் பிழைப்பு. கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிப் பக்கம் ஓர் அச்சகத்தில் வேலை. கொள்ளுப்பிட்டிக்கும் தெஹிவளைக்கும் அச்சடித்த சாமான் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. கடதாசி எவ்வளவு பாரம் என்று கடதாசி தூக்காதவர்களுக்குத் தெரியாது. சாதாரண ஏ4 தாள் கட்டொன்று இரண்டரைக் கிலோ. நாற்பது கட்டு ஏற்றினால் நூறு கிலோ, அதுவும் பின் அச்சுக்கும் பின்னால்.

1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கியில் குண்டுலொறி வெடித்தது. அதன் பிறகு கொழும்பில் பின்பக்கம் பதிந்த வாகனத்தை ஓட்டுவது, அதுவும் தமிழன் ஓட்டுவது, தனியொரு கலை. சென்றியில் நின்ற பெடியனுக்கு இருபது வயது இருக்கும். அரிசிப் பொலிஸ்காரரைப் போலவே நாலடி பின்னால் போய் நின்று பம்பரைப் பார்த்தான். அதே பார்வை, கையில் மட்டும் துப்பாக்கி. டிக்கியைத் திறந்தேன். ஆயிரத்து இருநூறு கல்யாணக் கார்ட். ஒரு கட்டைப் பிரித்து, பொன்நிறப் பிள்ளையாரைத் தடவிப் பார்த்துவிட்டு, “எல்லாமே கல்யாணமா?” என்று சிங்களத்தில் கேட்டான். எல்லாமே ஒரே கல்யாணம் என்றேன். சிரித்தான். அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் திருப்பித் தர இருபது நிமிடம் எடுத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிருலப்பனைக்குப் போய், பக்கத்துக்கு ஒரு பட்டை கூட்டினேன். பாஸுக்குக் கண் மங்கிவிட்டது. மகன்தான் குழிக்குள் நின்றான். கிழவர் பலாமரத்தின் கீழ்க் கதிரையில் இருந்தபடி, “தொங்கேக்க இறுக்காத” என்று மட்டும் சொன்னார். பாரம் ஏற்றினால் கார் நேராக நின்றது. பாரம் இல்லாத நாளில் கோபக்காரப் பூனைபோல முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது. மனைவியின் தலை இரண்டு தடவை கூரையில் இடித்தது. சென்றியில் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக அவளுடைய உச்சந்தலை கொடுத்த விலை அது.

2002இல் ஏ9 பாதை திறந்ததும் அந்தப் பட்டைகளோடுதான் ஊருக்குப் போனோம். 2006இல் பாதை மூடியது, வாகனை விற்றேன். இடையில் நடந்தவற்றை வேறு யாராவது எழுதட்டும்.

இனி மகன். அவன் 1998இல் பிறந்தவன். அவன் வாங்கிய ஹொண்டா சிவிக் ஃபெரியோ, ஈகே3, அவனைவிட ஒரு வயது மூத்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடங்களில் இந்த நாட்டில் கிழட்டுக் கார்களுக்கு வந்த மவுசு கிழட்டு மனிதர்களுக்கு வரவில்லை. 2022இல், எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூஆர் முறையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல் கொடுத்தார்கள். 20 லீற்றர் பதினைந்து கிலோதான் வரும். கொழும்பின் கார்கள் எல்லாம் பின்பக்கம் இலேசாகி நிமிர்ந்து நின்ற ஒரே வருடம் அது. அப்பா பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

மகனுக்குக் கார் நிமிர்ந்து நிற்பது பிடிக்காது. “அப்பா, சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவில பூனை படுக்கலாம் போல இருக்கு” என்றான். பூனை படுத்தால் என்ன என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. பெட்டியொன்று வந்தது, நாலு சிவப்புக் கொயில் ஸ்பிரிங். முன்னுக்கும் பின்னுக்கும் 38 மில்லிமீற்றர் இறங்கும் என்று எழுதியிருந்தது. கணக்குப் பார்த்தேன்: ஒன்றரை அங்குலம்.

பூட்டியது கிருலப்பனையில் அல்ல. வேறிடம், பெயர் வேண்டாம். தரை கண்ணாடிபோல மினுங்கும், காத்திருப்பவர்களுக்குக் கோப்பி தருவார்கள், இரண்டு தூண் ஹொயிஸ்ட்டில் காரைத் தலைக்கு மேலே தூக்குவார்கள். காலையில் கொடுத்த காரைப் பின்னேரம் தந்தார்கள். வாசலில் வந்து நின்ற காரைப் பார்த்ததும் மனைவி, “என்ன, நிலத்தைக் கொத்தித் தின்னுற கோழி மாதிரி நிக்குது” என்றாள். பெண்கள் நாடா இல்லாமலே அளந்துவிடுவார்கள். மகன் நாடா பிடித்தான். முன்பக்கம் 36 இறங்கியிருந்தது. பின்னால் இடப்பக்கம் 20, வலப்பக்கம் 11. மூக்கு தாழ்ந்ததில் இரவு விளக்கின் வெளிச்சம் காருக்கு முன்னால் பத்தடியில் விழுந்தது. ஹவ்லொக் வீதியில் தன் காலடியைத் தேடிக்கொண்டு போகும் கிழவனைப்போல ஓட்டினான்.

பூட்டியவர்கள், ஸ்பிரிங் பழகப் பழக இறங்கும், இரண்டு கிழமை பொறுங்கள் என்றார்கள். அது முழுப் பொய் அல்ல. புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீற்றரில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் அமரும். ஆனால் 27 மில்லிமீற்றர் அமர்வதற்கு ஸ்பிரிங் தவம்தான் செய்ய வேண்டும். சிநேகிதர்கள் வேறு வைத்தியம் சொன்னார்கள்: இரவில் டிக்கியில் பாரம் ஏற்றி வை. ஒரு காலையில் எழுந்து பார்க்கிறேன், மகன் 50 கிலோச் சீமெந்து மூடை இரண்டைத் தூக்கி டிக்கிக்குள் வைத்துக்கொண்டிருக்கிறான். டிக்கியில் மூடை இருப்பது தெரியக்கூடாது என்று பட்டை கூட்டியவரின் பேரன், பின்பக்கம் பதியவேண்டும் என்று மூடை ஏற்றுகிறான். நான் ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தேன்.

மூடையை எடுத்ததும் கார் மறுபடி எழும்பிவிட்டது. அடுத்த யோசனை பயங்கரமானது: பின் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடலாம், அல்லது காஸ் அடித்து அமுக்கலாம். அன்றைக்குத்தான் நான் குறுக்கே நின்றேன். சுற்றுக் குறைந்தால் ஸ்பிரிங் கடினமாகும். எட்டுச் சுற்றில் ஒன்றை எடுத்தால், அதே பாரத்துக்கு எட்டுச் சுற்று அமர்ந்த இடத்தில் ஏழுதான் அமரும். வெட்டின முனை இருக்கையில் ஒழுங்காக உட்காராது. காஸ் சூட்டில் உருக்கின் பதம் போய்விடும். கிழவர் பாஸ் உலையில் காய்ச்சியபோது எண்ணெயும் பொறுமையும் இருந்தன, இங்கே இரண்டும் இல்லை. “சரி, அப்ப என்ன செய்யிறது?” என்றான். கிருலப்பனைக்குப் போவோம் என்றேன்.

பலாமரம் இல்லை. கால்வாயோரம் கம்பி வேலி வந்திருக்கிறது. குழி இருக்கிறது, மேலே பலகை போட்டு மூடியபடி. கிழவரின் மகனுக்கு இப்போது ஐம்பத்தைந்து இருக்கும், அவர்தான் பாஸ். என்னை ‘ஐயே’ என்று கூப்பிடுவார். சிங்களத்தில் அண்ணன். காரைச் சுற்றி ஒருதரம் நடந்தார். பிறகு நாலடி பின்னால் போய் நின்று பம்பரைப் பார்த்தார். எனக்கு ஒரு கணம் அடையாள அட்டையைத் தேடவேண்டும்போல இருந்தது.

“ஹொயிஸ்ட்டிலையா பூட்டினது?” என்றார். ஓம் என்றோம். “அதுதான்.”

பலகையை எடுத்து, காரைக் குழிமேல் ஏற்றி, மகனையும் கீழே வரச் சொன்னார். நானும் இறங்கினேன், முழங்கால் சம்மதிக்கவில்லை, ஆனாலும் இறங்கினேன். டோர்ச் வெளிச்சத்தில் பின் கையின் புஷ்ஷைக் காட்டினார். வெளியே ஓர் இரும்பு வளையம், உள்ளே ஓர் இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டிய றப்பர். போல்ட்டை இறுக்கினால் உள்குழாய் சட்டத்தோடு பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு சில்லு ஏறி இறங்க றப்பர் வழுக்குவதில்லை, முறுகுகிறது. எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுதான் றப்பருக்கு ஓய்வு நிலை. ஹொயிஸ்ட்டில் சில்லு நாலும் கீழே தொங்கும். அப்படித் தொங்கும்போது இறுக்கினால், தொங்குவதுதான் தன் வீடு என்று றப்பர் நினைத்துக்கொள்ளும். காரை இறக்கியதும் முறுகிக்கொண்டு, உடம்பை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கத்தில் இப்படி நாலைந்து புஷ். ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் காசில்லாமல் கிடைத்த இன்னொரு ஸ்பிரிங். ஓடவிட்டால் ஒரு நாள் றப்பர் கிழியும்.

யோசித்துப் பாருங்கள். குழி இருந்த காலத்தில் இந்தப் பிழை அபூர்வம். கார் தன் காலில் நிற்கும், மனிதன்தான் கீழே இறங்குவான். ஹொயிஸ்ட் வந்ததும் மனிதன் நேராக நின்றான், கார் தொங்கியது. ஹொயிஸ்ட்டைக் குறை சொல்லவில்லை. அதிலும் கையின் கீழே ஜக் கொடுத்துச் சில்லைத் தூக்கிவைத்து இறுக்கலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் பின்னேரத்துக்குள் ஆறு கார் முடிக்கவேண்டிய இடத்தில் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

வலப்பக்கத்தின் மிச்சக் குற்றம் சின்னது. ஸ்பிரிங் முனை, கீழ்த் தட்டில் அதற்கென்று இருக்கும் படியில் உட்காராமல், படியின்மேல் ஏறி நின்றது. பாஸ் ஷொக்கைக் கழற்றி, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துத் திருப்பி, முனையைப் படியில் முட்டவைத்தார். தண்டு முட்டும் றப்பர் அடிக்கட்டையையும் பார்த்தார், சரியாக இருந்தது.

பிறகு பின்னுக்கிருந்த எல்லாப் போல்ட்களையும் இளக்கினார். இளகிய ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு ‘டொக்’ சத்தம். இடப்பக்கம் மூன்றாவது போல்ட் இளகியபோது கார் கண்ணுக்குத் தெரியக் கீழே இறங்கியது. மகன் வாயைத் திறந்தவன் மூடவில்லை. காரை முன்னும் பின்னும் இரண்டடி தள்ளி, பம்பரை அமுக்கி ஆட்டினார். டோர்க் ரென்ச்சைக் கையில் எடுத்தவர், என்னைப் பார்த்தார்.

“ஐயே, பின்சீட்ல ஏறி இருங்க.”

ஏறினேன். அப்போது என்னையும் அக்காவையும் சேர்த்து நிறுத்தாலும் ஐம்பது கிலோ தேறியிராது. இப்போது நான் தனியாக எண்பத்திரண்டு. “குதிக்கவேண்டாம்” என்றார் பாஸ். காலுக்குக் கீழே ரென்ச் ‘கிளிக்’ என்றது. கிறீச்சிடும் சத்தம் மட்டும் இல்லை.

ஆறாயிரம் ரூபா வாங்கினார். சில்லுக் கோணத்தை ஓர் அலைன்மென்ட் இடத்தில் சரிபார்க்கச் சொன்னார். உயரம் மாறினால் அதுவும் மாறும், பார்க்காவிட்டால் ரயர் உட்பக்கம் தேயும். அன்று மாலை அளந்தபோது இடம் 36, வலம் 35. இரண்டு கிழமை ஓடிய பிறகு இரண்டும் 38. மகன் கொப்பியில் சிவப்புப் பேனையால் கோடு போட்டான். வெளிச்சமும் தெருவில் விழவேண்டிய இடத்தில் விழுகிறது. இந்த மாதிரி ஸ்பிரிங் மாற்றி, பின்பக்கம் இறங்காமல் நிற்கும் கார் உங்களிடமும் இருந்தால், வெட்டும் வாள் எடுக்குமுன் குழி வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள்.

ஆவணியில் நல்லூர்த் தேருக்குக் காரில் போவதென்று முடிவு. பின்சீட்டில் இரண்டு பேருக்கு மேல் ஏறக்கூடாது, டிக்கியில் ஒன்றும் வைக்கக்கூடாது, வைத்தால் ரயர் மட்காட்டில் உரசும் என்று மகன் சொல்லிவிட்டான். போகும் சாமான்களையும் வரும் புழுக்கொடியலையும் வெள்ளவத்தை இரவு பஸ்ஸில் போடுகிறோம். பார்சல் கூலி என் கணக்கு.